பூமியை எடை போட்ட மௌனி

ஹென்றி கேவண்டிஷின் படத்தை இயற்பியல் நூல்களில் பார்த்திருப்பீர்கள். முக்கோணத் தொப்பி, முழங்காலுக்குக் கீழே தொங்கும் பழைய மோஸ்தர் அங்கி, சற்றே குனிந்த தலை. எங்கோ விரைந்து போய்க்கொண்டிருக்கும் ஒரு மனிதர். அவர் உயிரோடு இருந்தபோது வரையப்பட்ட படம் இது ஒன்றுதான். இதுவும் அவருக்குத் தெரியாமல் வரையப்பட்டதே. படத்துக்கு உட்கார அவர் ஒருநாளும் சம்மதித்ததில்லை. வில்லியம் அலெக்ஸாண்டர் என்ற ஓவியர் ராயல் சொசைட்டிக்காரர்களின் விருந்து ஒன்றில் நைச்சியமாக இடம் பிடித்து, வெளியே மாட்டியிருந்த தொப்பியையும் அங்கியையும் முதலில் வரைந்துகொண்டு, பிறகு மேசையின் கோடியிலிருந்து முகத்தைப் பார்த்து வரைந்து இரண்டையும் சேர்த்துவிட்டாராம்.

ஒளித்துப் படம் பிடிக்க வேண்டிய அளவுக்கு மனிதரைக் கண்டு ஒதுங்கிய இவர்தாம் ஹைட்ரஜனைத் தனிப்பொருளாக அடையாளம் கண்டார். நீர் ஒரு தனிமம் அன்று என்பதற்கான சோதனைகளைச் செய்தார். பூமியை எடை போட்டார். மனிதரிடம் ஒதுங்கியதும் இயற்கையிடம் இத்தனை நெருங்கியதும் வெவ்வேறு குணங்களா, ஒரே குணத்தின் இரு பக்கங்களா? இந்தக் கேள்வி சில ஆண்டுகளாக என்னைத் தொந்தரவு செய்கிறது. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கேவண்டிஷ் 1731ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், இன்று பிரான்சில் உள்ள நீஸ் நகரில் பிறந்தார். டெவன்ஷயர் பிரபுக்களின் குடும்பம். இரண்டு வயதிலேயே தாயை இழந்தார். கேம்பிரிட்ஜில் 1749 முதல் 1753 வரை படித்தும் பட்டம் பெறாமல் வெளியேறினார். நடுவயதுக்குப் பின் பெருஞ்செல்வம் வந்து சேர்ந்தது. இறந்தபோது அவர் விட்டுச் சென்ற சொத்து பத்து இலட்சம் பவுனுக்கு மேல். ஆனால் அவர் உடுத்தியதென்னவோ நிறம் மங்கிய, தாத்தா காலத்து வெட்டில் தைத்த உடுப்பு.

அவரைப் பற்றிய கதைகளை 1851இல் ஜார்ஜ் வில்சன் என்பவர் திரட்டி ஒரு வாழ்க்கை வரலாறாக எழுதினார். இன்ன உணவு வேண்டும் என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கூடத்து மேசையில் வைத்துவிடுவார். வேலைக்காரப் பெண்களோடு நேரில் பேசுவதில்லை. ஒருநாள் படிக்கட்டில் துடைப்பமும் வாளியுமாக நின்ற பணிப்பெண் எதிர்ப்பட்டுவிட, உடனே ஆளைக் கூப்பிட்டு வீட்டுக்குப் பின்புறம் தனிப் படிக்கட்டு கட்டச் சொல்லிவிட்டார். இன்னொரு நாள், சர் ஜோசப் பாங்ஸ் வீட்டுக் கூட்டத்தில், ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஒரு கனவான், உலகப் புகழ்பெற்ற இந்த மேதையைக் காணவே இலண்டன் வந்ததாக முகத்துக்கு நேரே புகழ்மாலை சூட்டத் தொடங்கினார். கேவண்டிஷ் பதிலே பேசாமல் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். கூட்டத்தில் ஓர் இடைவெளி தென்பட்டதும் அதற்குள் புகுந்து, வண்டி ஏறி, வீடு போய்ச் சேர்ந்தார்.

இக்கதைகளில் சில கைமாறிக் கைமாறி மெருகேறியவையாக இருக்கலாம். ஆயினும் பலர் பல காலங்களில் சொன்னவை ஒரே திசையைக் காட்டுகின்றன.

2001ஆம் ஆண்டில் நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸ், ‘நியூராலஜி’ என்ற ஆய்விதழில் கேவண்டிஷைப் பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். பிறர் முகக்குறிப்பும் மனக்குறிப்பும் பிடிபடாமை, ஒன்றையே பற்றி நிற்கும் கவனம், எதையும் அளந்தும் எண்ணியும் பார்க்கும் வேட்கை, சொற்களைப் பொருள் பிசகாமல் கையாளும் கண்டிப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, இவருக்கு இருந்தது அஸ்பெர்கர் பாங்கு என்று அவர் கருதினார். எனினும் கட்டுரைத் தலைப்பின் முடிவில் ஒரு கேள்விக்குறியைப் போட்டிருந்தார்.

ஆட்டிசம் என்பதைத் தமிழில் மதியிறுக்கம் என்கிறோம். அமெரிக்காவில் லியோ கேனர் 1943லும், வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்கர் 1944லும் இதை விவரித்தனர். அவர்களுக்கு முன்பே, 1925இல், குரூன்யா சுகரேவா என்ற சோவியத் மருத்துவர் ஒத்த குணங்களைக் கொண்ட சிறுவர்களைப் பற்றி எழுதியிருந்தார். 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு ‘அஸ்பெர்கர்’ என்ற தனிப்பெயரை நீக்கி, எல்லாவற்றையும் ‘ஆட்டிச நிறமாலை’ என்ற ஒரே தலைப்பின்கீழ்க் கொண்டுவந்தது. நிறமாலை என்ற சொல் நமக்குப் புதிதன்று. சிவப்பு எங்கே முடிகிறது, ஆரஞ்சு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாதல்லவா? மூளை இயங்கும் பாங்கு பெரும்பாலோரிடமிருந்து மாறுபட்டவர்களை நோயாளிகள் என்று பார்க்காமல், மனித இனத்தின் இயல்பான பலவகைகளுள் ஒரு வகையினராகப் பார்க்கும் நோக்கு 1990களின் பிற்பகுதியில் வலுப்பெற்றது.

இறந்து இருநூறு ஆண்டு ஆனவருக்கு நாடி பிடித்துப் பார்ப்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆளைப் பார்க்காமல், வளர்ந்த கதை முழுவதும் தெரியாமல், எந்த மருத்துவரும் முடிவு கூற முடியாது. ஆனால் ஒருவரின் மனப்பாங்கு அவர் செய்த சோதனையில் படியும் என்பதை நம்புகிறேன். ஆகவே சோதனைக்கே வருவோம்.

பூட்டிய அறை

பூமியின் அடர்த்தியைக் காண வேண்டும் என்பது அக்காலத்து ராயல் சொசைட்டியின் நெடுநாள் ஆசை. 1774இல் மாஸ்கலின் என்ற வானியலார் ஸ்காட்லாந்தின் ஷிகாலியன் மலைச்சரிவில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மலை அதை எவ்வளவு பக்கவாட்டில் இழுக்கிறது என்று அளந்தார். அந்த அளவுகளிலிருந்து, பூமியின் அடர்த்தி நீரைப் போல் சுமார் 4½ மடங்கு என்று 1778இல் ஹட்டன் கணக்கிட்டார். இதற்கான திட்டக் குழுவில் கேவண்டிஷும் இருந்தார். ஆனால் மலையின் உட்பாறை எப்படிப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? மலைக்குப் பதிலாக, நிறையைத் துல்லியமாக அறிந்த ஓர் ஈயக் குண்டை வைத்தால் என்ன?

இந்த யோசனையும் கருவியும் ஜான் மிச்சல் என்ற பாதிரியாருடையவை. சோதனையைத் தொடங்குமுன்பே 1793இல் அவர் காலமானார். கருவி கைமாறி, இலண்டனுக்குத் தெற்கே கிளாப்பம் என்ற இடத்திலிருந்த கேவண்டிஷிடம் வந்து சேர்ந்தது. அதன் பெரும்பகுதியை அவர் புதிதாகச் செய்துகொண்டார்.

கருவியின் அமைப்பு எளிது. ஆறடி நீள மெல்லிய மரக்கோல் ஒன்று, நடுவில் ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அதன் இரு முனைகளிலும் இரண்டு அங்குல விட்டமுள்ள ஈயக் குண்டுகள். ஒவ்வொன்றும் முக்கால் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. இவற்றின் அருகே கொண்டுவர, ஒரு அடி விட்டமுள்ள இரண்டு பெரிய ஈயக் குண்டுகள். ஒவ்வொன்றும் சுமார் 158 கிலோகிராம். பெரிய குண்டு சிறிய குண்டை ஈர்க்கும். கோல் சற்றுத் திரும்பும். கம்பி முறுக்கிக்கொண்டு எதிர்த்து நிற்கும். அவ்வளவுதான்.

அந்த ஈர்ப்பு விசை எவ்வளவு? சிறிய குண்டின் எடையில் ஐந்து கோடியில் ஒரு பங்குதான்! இத்தனை நுண்ணிய விசையை அளக்கப் போகும்போது மனிதனே பெரிய இடைஞ்சல் ஆகிவிடுகிறான். அவன் உடற்சூடு ஒரு பக்கத்துக் காற்றைச் சூடாக்கும். சூடான காற்று மேலெழும். அந்தக் காற்றோட்டம் ஈர்ப்பைவிட வலுவாகக் கோலைத் தள்ளும். எனவே கேவண்டிஷ் ஒரு முடிவு செய்தார். கருவி மகோகனிப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டி எப்போதும் மூடிய அறைக்குள் இருக்கும். அறைக்குள் யாரும் போகக் கூடாது, தாம் உட்பட. சுவரில் துளையிட்டுத் தொலைநோக்கிகளைப் பொருத்தினார். விளக்கு வெளியே இருந்தது. அதன் ஒளி மட்டும் துளை வழியே உள்ளே சென்று தந்த அளவுகோலின்மேல் விழுந்தது. பெரிய குண்டுகளைக் கயிறும் கப்பியும் கொண்டு வெளியிலிருந்தே நகர்த்தினார்.

பார்வையாளன் அறையில் இல்லாமலேயே இயற்கையைப் பார்க்க வேண்டும். மேசைமேல் துண்டுத்தாளை வைத்துவிட்டுப் போகிற மனிதருக்கு இந்த ஏற்பாடு எத்தனை இயல்பாகத் தோன்றியிருக்கும்! பார்வையாளனால் விளையும் பிழை என்று இன்று நாம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதை அவர் தம் உடம்பாலேயே அறிந்திருந்தார் போலும். இது என் ஊகம்தான். கட்டுரையில் அவர் காற்றோட்டத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறார்.

1797 ஆகஸ்டில் சோதனை தொடங்கியது. அவருக்கு வயது 65. கோல் என்றும் முழு ஓய்வுக்கு வருவதில்லை. மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகவே முதலில் கட்டிய கம்பியில் சுமார் கால் மணி நேரம் ஆயிற்று. வேறு தடித்த கம்பி கட்டியபின் 7 நிமிடம். அடுத்தடுத்த மூன்று திரும்புமுனைகளைத் தொலைநோக்கியில் படித்து, அவற்றிலிருந்து ஓய்வுநிலையைக் கணக்கிட வேண்டும். பிறகு குண்டுகளை நகர்த்தி மறுபடியும் அதையே செய்ய வேண்டும். தடித்த கம்பியில் கோலின் நுனி இடம்பெயர்ந்தது சுமார் 4 மில்லிமீட்டர். நம்மில் எத்தனை பேர் இருட்டில் உட்கார்ந்து, மணிக்கணக்காக, ஆண்டு திரும்பும் வரை இதைச் செய்வோம்?

கிடைத்த விடையைக் கண்டதும் அவர் மகிழ்ந்து நிற்கவில்லை. இது ஈர்ப்பு அல்லாமல் வேறாக இருக்குமோ என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்தார். பெரிய குண்டுகளைத் தாங்கும் இரும்புத் தண்டுகள் காந்தமாகியிருக்குமோ? அவற்றை எடுத்துவிட்டுச் செப்புத் தண்டுகளைப் போட்டார். குண்டுகள் பெட்டியைவிடச் சூடாக இருக்குமோ? வேண்டுமென்றே விளக்கு வைத்துச் சூடாக்கி, அதனால் கோல் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தார். 1798இல் வெளியான அவருடைய 57 பக்கக் கட்டுரையில் பெரும்பகுதி இப்படித் தம்மைத் தாமே குறுக்கு விசாரணை செய்துகொள்வதுதான்.

அவர் கண்ட விடை: பூமியின் அடர்த்தி நீரைப் போல் 5.48 மடங்கு. இன்றைய மதிப்பு 5.51. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 29 விடைகளின் சராசரியை எடுக்கும்போது அவர் கூட்டலில் தவறிவிட்டார். சரியான சராசரி 5.45 என்று பின்னாளில் பிரான்சிஸ் பெய்லி கண்டுபிடித்தார். இத்தனை எச்சரிக்கையான மனிதருக்கும் கூட்டல் பிசகியது என்பதைப் படிக்கும்போது, சொன்னால் என்ன, எனக்குச் சற்று ஆறுதலாகவே இருக்கிறது! இன்னொன்று: ஈர்ப்பு மாறிலி ‘ஜி’யை அவர் கண்டார் என்று பாடநூல்கள் எழுதுகின்றன. அவர் கட்டுரையில் அந்த எழுத்தே கிடையாது. அவர் தேடியது பூமியின் அடர்த்தியை. மாறிலி அதிலிருந்து பிற்காலத்தார் கணக்கிட்டுக்கொண்டது.

அடர்த்தி தெரிந்தால் பருமனைக் கொண்டு நிறை கிடைத்துவிடும். 6 எழுதி அதன்பின் 24 சுழியங்களை இட்டால் வருவது, கிலோகிராமில், பூமியின் நிறை. மேற்பரப்புப் பாறைகளோ நீரைப் போல் இரண்டரை அல்லது மூன்று மடங்கு அடர்த்தியே உடையவை. அப்படியானால் பூமியின் உள்ளே பாறையைவிட மிகக் கனமான ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். யாரும் போய்ப் பார்க்க முடியாத பூமியின் வயிற்றைப் பற்றிய செய்தி, யாரும் நுழையாத ஓர் அறையிலிருந்து வந்தது.

மரத்தின்மேல் ஒரு பிரபு

கிளாப்பம் வீட்டின் பெரும்பகுதி ஆய்வுக்கூடம்தான். தோட்டத்தில் ஒரு பெரிய மரம் இருந்தது. அதன்மேல் ஏற மேடை அமைத்து, உச்சிக்குப் போய் அவர் வானிலையைக் கவனிப்பாராம். 1781இல் சுமார் 60 நாள்கள் காற்றைப் பிடித்துப் பிடித்து ஆராய்ந்து, நாளுக்கு நாள் அதன் கலவை மாறுவதில்லை என்று கண்டார். அவர் அளவுகளை இன்றைய முறையில் எழுதினால் ஆக்சிஜன் 20.8 விழுக்காடு, இன்று நாம் அறிந்தது 20.95. 1785இல், காற்றிலுள்ள நைட்ரஜன் முழுவதையும் மின்பொறியால் ஆக்சிஜனோடு சேர்த்து அகற்றியபோது, 120இல் ஒரு பங்கு அளவுள்ள ஒரு சிறு குமிழி எதனோடும் சேராமல் எஞ்சியது. வேறொருவராயின் சோதனைப் பிழை என்று விட்டிருப்பார். அவர் எழுதி வைத்தார். 1894இல் ராலேயும் ராம்சேயும் ஆர்கானைக் கண்டுபிடித்தபோது அந்தக் குமிழி என்னவென்று உலகுக்குப் புரிந்தது.

நம் நாட்டோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. பகவத் கீதையை முதலில் ஆங்கிலமாக்கிய சார்லஸ் வில்கின்ஸிடம் இருந்த மூன்று இந்தியப் பஞ்சாங்கங்களை வாங்கி ஆராய்ந்து, இந்துக்களின் ஆண்டுக் கணக்கைப் பற்றி 1792இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். திதியும் மாதமும் எப்படிப் பொருந்துகின்றன என்ற கணக்கு அவர் மனத்துக்கு விருந்தாக அமைந்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்டவர் தம் ஆய்வுக்கூடத்துக்குள் ஆட்களை அழைத்ததும் ஒருமுறை நடந்தது. அதற்குக் காரணமாக இருந்தது ஒரு மீன்! மின்திருக்கை தரும் அதிர்ச்சி மின்சாரமே என்று வால்ஷ் என்பவர் சொன்னதைச் சிலர் நம்பவில்லை. உப்புநீருக்குள் மின்சாரம் எப்படி நிற்கும், பொறி ஏன் பறக்கவில்லை என்று கேட்டனர். கேவண்டிஷ் மரத்தாலும் தோலாலும் ஒரு செயற்கைத் திருக்கை செய்து, லைடன் சாடிகளோடு இணைத்து, உப்புநீரில் மிதக்கவிட்டார். 1775இல் ஜான் ஹண்டர், பிரீஸ்ட்லி முதலிய சிலர் வந்து தொட்டுப் பார்த்து அதிர்ச்சி வாங்கிச் சென்றனர். தாமாகப் போய் வாதம் செய்ய அவருக்கு வராது. தொட்டுப் பாருங்கள் என்று ஒரு தோல் மீனை நீட்ட வந்தது.

வெற்றிடத்தை நோக்கிப் பேசுதல்

ஆனால் அவரை மனித வெறுப்பாளர் என்று முடிவு கட்டுவது தவறு. அவருடைய வாழ்க்கையை ஆவணங்களிலிருந்து விரிவாக எழுதிய யுங்நிக்கல், மக்கார்மக் தம்பதியர் வேறொரு படத்தையும் காட்டுகின்றனர். தந்தை சார்லஸ் கேவண்டிஷ் தாமே வெப்பமானிகள் செய்து பரிசு பெற்றவர். மகனைச் சிறு வயதில் விட்டுவிடாமல், 1758 முதல் ராயல் சொசைட்டிக் கூட்டங்களுக்கும் விருந்துகளுக்கும் கையைப் பிடித்து அழைத்துச் செல்லாத குறையாக அழைத்துச் சென்றார். 1760இல் மகனும் உறுப்பினரானார். அதன்பின் வியாழக்கிழமை விருந்துகளை அவர் தவறவிட்டது அரிது. நிர்வாகக் குழுவில் பல ஆண்டுகள் உழைத்தார். தம் பெரிய நூலகத்தைப் படிப்பாளிகளுக்குத் திறந்துவிட்டார். தாமே ஒரு புத்தகம் எடுத்தாலும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் எடுப்பாராம்.

அந்தக் கூட்டத்தாரும் அவரோடு பழகும் விதத்தைக் கற்றுக்கொண்டிருந்தனர். வில்லியம் ஹைட் வாலஸ்டன் என்ற வேதியியலார் புதியவர்களுக்கு ஓர் உபாயம் சொல்லித் தருவாராம்: அவர் முகத்தைப் பார்க்காதே, வெற்றிடத்தை நோக்கிப் பேசுவது போல் பேசு, பதில் வரும்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. சில ஆண்டுகளுக்கு முன் முதலாண்டு இயற்பியல் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். முகத்தைப் பார்க்க மாட்டான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்பான், வாய் திறக்க மாட்டான். திமிர் என்றார் ஓர் ஆசிரியர். மந்தம் என்றார் இன்னொருவர். நான் இரண்டும் சொல்லவில்லை. ஆனால் செய்முறைத் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் ஒரு கேள்விக்கும் பதில் வராததால் சுழியம் போட்டேன். அவனுடைய பதிவேட்டை அதன்பிறகுதான் திருப்பிப் பார்த்தேன். முறுக்கு ஊசல் சோதனையில் மற்றவர்கள் மூன்று தடவை நேரம் எடுத்த இடத்தில் இவன் பதினொரு தடவை எடுத்திருந்தான். கீழே சின்ன எழுத்தில், ‘மின்விசிறி ஓடும்போது’, ‘நிறுத்திய பின்’ என்று இரண்டு பட்டியல்கள். ஊசல் விசிறிக் காற்றில் தடுமாறுகிறது என்பதை அந்த ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ ஆண்டுகளாக யாரும் கவனித்ததில்லை, நான் உட்பட.

அடுத்த பருவத் தேர்வில் கேள்விகளைத் தாளில் எழுதி அவன் மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருந்தான். கடைசியில் என் மூன்றாவது கேள்வியில் ஓர் அலகு தவறாக இருப்பதையும் சுட்டியிருந்தான். முன்பு போட்ட சுழியத்தை மாற்ற விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கேவண்டிஷுக்குச் செல்வம் இருந்தது, பிரபு குலம் இருந்தது, கூட்டிக்கொண்டு போகத் தந்தை இருந்தார். அப்படியிருந்தும் எவ்வளவோ அவரோடு பூட்டிக் கிடந்தது. மின்விசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்பதை 1773 வாக்கிலேயே, ஒன்றனுள் ஒன்றாக வைத்த இரு கோளங்களைக் கொண்டு அவர் காட்டிவிட்டார். அச்சிடவில்லை. 1785இல் கூலும் அதை வெளியிட்டார். விதிக்கு அவர் பெயர் நிலைத்தது. மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை 1781இல் கண்டார். அதையும் அச்சிடவில்லை. ஓம் 1827இல் வெளியிட்டார். அப்போது மின்னோட்டமானி ஏது? கேவண்டிஷ் தம் உடம்பையே கருவியாக்கி, இரண்டு அதிர்ச்சிகளில் எது வலுவானது என்று உணர்ந்து பார்த்து எழுதிவைத்தார்.

அந்தக் கட்டுக் காகிதங்கள் அவர் 1810இல் இறந்தபின் பல பத்தாண்டுகள் தூங்கின. 1874இல் கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டபோது, அதன் முதல் பேராசிரியரான ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் அவற்றைக் கையில் எடுத்தார். தம் வாழ்வின் கடைசி ஐந்தாண்டுகளில் பெரும்பகுதியை அவற்றைப் படியெடுத்துப் பதிப்பிப்பதில் செலவிட்டார். சும்மா படியெடுக்கவில்லை, சோதனைகளைத் திரும்பச் செய்தும் பார்த்தார். கோளச் சோதனையில், படியெண் 2இலிருந்து ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விலகாது என்று கேவண்டிஷ் சொல்லியிருந்தார். மாக்ஸ்வெல்லின் கூடத்தில் அது 21,600இல் ஒரு பங்காகச் சுருங்கியது. உடம்பால் மின்னோட்டத்தை அளப்பதையும் அவர் விட்டுவைக்கவில்லை. கூடத்துக்கு வருகிறவர்களையெல்லாம் பிடித்து உட்கார வைத்துவிடுவார். அவரைக் காணவென்றே வந்த ஓர் இளம் அமெரிக்க வானியலார் பின்னர் மிகுந்த எரிச்சலோடு சொன்னாராம்: பெரிய மனிதரோடு வானியல் பேசலாம் என்று இவ்வளவு தூரம் வந்தால், சட்டையைக் கழற்றச் சொல்லி, இரண்டு கைகளையும் தண்ணீர்த் தொட்டிகளில் வைக்கச் சொல்லி, வரிசையாக அதிர்ச்சி கொடுத்து அனுப்பிவிட்டார் என்று. கேவண்டிஷின் மின்னியல் ஆய்வுகள் 1879 அக்டோபரில் நூலாக வெளிவந்தன. மாக்ஸ்வெல் அடுத்த மாதம் 5ஆம் நாள் காலமானார்.